பரங்கிமலைக் கல்லில் ஒரு வேண்டுதல்... யார் அந்த முகம் தெரியாத மனிதர்?

கோயிலில் எரியும் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, ‘உபயம்’ என்ற எழுத்தும், கொடுத்தவர் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும் சிவப்பு பெயின்ட்டில் நிற்கும். மாதா கோயில்களிலும் இதே கதைதான். பெஞ்சின் முதுகில் ‘நினைவாக’, மின்விசிறியில் ‘அன்பளிப்பு’, குடிநீர்த் தொட்டியில் குடும்பத்தார் அத்தனை பேரின் பெயரும். கொடுத்தவருக்குத் தன் பெயரைப் பார்க்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

சென்னையில் அப்படி ஒரு பழைய ‘உபய’க் கல் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. பரங்கிமலை உச்சியில் உள்ள சிறிய மாதா ஆலயத்தில், பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் கருங்கல் சிலுவைதான் அது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஒரு வரி எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்து தமிழ் இல்லை. லத்தீனோ போர்ச்சுக்கீசியமோகூட இல்லை. பழைய பாரசீகத்தில் புழங்கிய பஹ்லவி எழுத்து. அதில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் எவ்வளவு பணம் கொடுத்தார், என்ன பதவியில் இருந்தார், எத்தனை கப்பல் வைத்திருந்தார் என்ற விவரம் எதுவும் இல்லை. இதைச் செய்தவன்மீது ஆண்டவர் இரக்கம் கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரே ஒரு வேண்டுதல். அத்தோடு கல் முடிந்துவிடுகிறது.

பெயரைப் பொறித்தவர், பெயருக்குப் பக்கத்தில் பெருமையைப் பொறிக்காமல் விண்ணப்பத்தைப் பொறித்திருக்கிறார். கிறிஸ்தவத்தில் ‘தாழ்மை’ என்று பேசப்படுவது என்ன என்பதற்கு, பெரிய பிரசங்கங்களைவிட இந்தக் கல் நல்ல பதில் வைத்திருக்கிறது.

கல்லைப் படித்த கதை

1547-ம் ஆண்டு. மலை உச்சியில் இடிந்து கிடந்த பழைய கட்டடத்தின்மேல் ஆலயம் எழுப்ப போர்ச்சுக்கீசியர்கள் அஸ்திவாரம் தோண்டியபோது இந்தச் சிலுவை கிடைத்தது. கல்லில் ரத்தக் கறை போன்ற திட்டுகள் இருந்ததாகச் சொன்னார்கள். 1558-ம் ஆண்டு டிசம்பர் 18-ம் தேதி, திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே சிலுவையில் ரத்தம் போல வியர்த்தது என்று பதிவாகியிருக்கிறது. அதன்பிறகும் பலமுறை அப்படி நடந்ததாகக் குறிப்புகள் உண்டு. ‘ரத்தம் வடிந்த சிலுவை’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அதிசயம் ஒரு பக்கம் இருக்க, சுற்றியிருக்கும் எழுத்து யாருக்கும் புரியவில்லை. அந்தக் காலத்தில் கற்றறிந்த அந்தணர் ஒருவரை அழைத்துவந்து படிக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெரிய வாக்கியம் என்கிற கணக்கில், கன்னியிடம் கடவுள் பிறந்தது தொடங்கி தோமையார் இந்தியா வந்தது வரை ஒரு முழு நீளக் கதையையே வாசித்துவிட்டார்! கேட்டவர்கள் பரவசப்பட்டார்கள். அந்த வாசிப்பு ஐரோப்பாவிலும் அச்சேறியது. கல்லில் இருந்ததோ சில சொற்கள்தான்.

19-ம் நூற்றாண்டில், மெட்ராஸ் சிவில் சர்வீஸில் நீதிபதியாக இருந்த ஏ.சி.பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தச் சிலுவைகளை ஆராய்ந்து, எழுத்து பஹ்லவி என்று காட்டினார். அவரும் அவருக்குப் பின் வந்த சிலரும் சிலுவையின் பாடுகளைப் பற்றிய வாசகமாக அதைப் படித்தார்கள். 1920-களின் கடைசியில் வின்க்வொர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் படித்தபோதுதான் ஒரு தனிமனிதர் அங்கிருந்து எழுந்துவந்தார். சஹார்புக்தின் மகன் அப்ராஸ் என்ற சிரியக் கிறிஸ்தவர், தன்மீது இரக்கம் வைக்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறார் என்றார் அவர். 1970-ல் கெர்ட் க்ரோப் என்ற ஜெர்மானிய அறிஞர் மீண்டும் படித்தார். அவருக்கு அந்தப் பெயர் அப்ராஸ் இல்லை, கபிரியேல். தந்தை அதே சஹார்புக்த்தான். பாட்டனார் பெயரும் கிடைத்தது. செய்தவர் சிற்பியா, செய்யச்சொல்லிக் காசு கொடுத்த வணிகரா என்பதும் உறுதியாகத் தெரியவில்லை.

இரு அறிஞர்களுக்கும் மகனின் பெயரில் ஒற்றுமை வரவில்லை. ‘இரக்கம்’ என்ற சொல்லில் மட்டும் ஒற்றுமை வந்துவிட்டது.

சிலுவையின் காலம் ஏறக்குறைய 7 முதல் 9-ம் நூற்றாண்டு வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. மயிலையில் சம்பந்தர் பூம்பாவைக்காகப் பாடியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு ரொம்ப தூரம் இல்லை. பல்லவர் ஆட்சிக் கடற்கரையில் பாரசீகத்திலிருந்து வந்த கிறிஸ்தவ வணிகர்கள் இறங்கியிருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்து, கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அவர்களில் ஒருவர் இந்தக் குன்றின்மேல் கல் வைக்கும்போது என்ன கேட்டார் என்பது மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்றும் அந்த உச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போகலாம். 18-ம் நூற்றாண்டில் அந்தப் படிகளைக் கட்டியவர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் காசில் கட்டியவரும் அவர்தான். இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பாலம் கட்டிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டை அவரும் வைத்தார். ஆக, பெயர் பொறிப்பது பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. பெயரோடு என்ன சேர்ந்து வருகிறது என்பதில்தான் விஷயம்.

சந்தேகப்பட்டவரின் ஊர்

இந்த மலைக்குப் பெயர் கொடுத்தவர் புனித தோமையார். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி, மயிலாப்பூர் வந்து, கி.பி. 72-ல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஆனாலும் 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அவரைப் பெரிதாக மதித்தார்கள் என்றும், அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அந்தக் கல்லறை இருக்கும் இடம்தான் சாந்தோம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் வெள்ளைக் கோபுரம் தெரிந்துவிடும். 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய ஆலயம் பழுதானபின், 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது இன்றைய பேராலயம். கல்லறை அதன் அடியில் இருக்கிறது. படியிறங்கிப் போனால் சின்ன ஜெபக்கூடம். மேலே சாலையின் ஹாரன் சத்தம் அங்கு அவ்வளவாகக் கேட்காது. திருத்தூதரின் கல்லறைமேல் எழுந்த ஆலயங்கள் என்று ரோமில் பேதுருவுக்கு ஒன்று, ஸ்பெயினில் யாக்கோபுக்கு ஒன்று, மயிலாப்பூரில் தோமாவுக்கு ஒன்று எனச் சொல்வதில் சென்னைக் கத்தோலிக்கர்களுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

ஆனால் பேதுருவோடும் யாக்கோபோடும் சேர்த்துச் சொல்லப்படும் தோமாவுக்கு உலகம் வைத்த பட்டப்பெயர் என்ன? ‘சந்தேகத் தோமா’!

யோவான் எழுதிய நற்செய்தியில் கதை இப்படிப் போகிறது. சிலுவையில் இறந்த இயேசு உயிர்த்து வந்து சீடர்களைப் பார்க்கிறார். அப்போது தோமா அங்கு இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் நம்ப மறுக்கிறார். ஆணிக் காயத்தில் விரலை வைத்து, விலாவில் கையை வைத்துப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். ஆறுதலாகப் பேச வந்தவர்களிடம் இப்படி முகத்திலடித்த மாதிரி நிபந்தனை போடுவது நம் வீடுகளிலும் நடப்பதுதான். துக்கம் அதிகமானவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள்.

எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வருகிறார். இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த எட்டு நாளும் தோமா அதே கூட்டத்தோடுதான் இருந்திருக்கிறார். நம்பாதவன் என்று அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரண்டாவது, வந்த இயேசு தோமா போட்ட நிபந்தனையை வார்த்தைக்கு வார்த்தை அவருக்கே திருப்பித் தருகிறார். விரலை இங்கே வை, கையை இங்கே வை என்கிறார். ‘நீ எப்படி அப்படிப் பேசலாம்’ என்ற விசாரணை முதலில் வரவில்லை. காயம்தான் முதலில் நீட்டப்படுகிறது. தோமா தொட்டுப் பார்த்தாரா? ஓவியர்கள் தொட்டதாகவே வரைந்துவிட்டார்கள். நற்செய்தி அப்படிச் சொல்லவே இல்லை. கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. ஆண்டவரே, கடவுளே என்று விழுந்துவிடுகிறார்.

தான் சரி என்று நிரூபிக்க வந்த மனிதர், தான் தவறு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட இடம் அது. அது சுலபமில்லை. வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதத்தில்கூட நாம் அதைச் செய்ய எவ்வளவு யோசிக்கிறோம்!

சமையலறைக் கன்னிகையும் ஒரு ஞாயிறும்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல், கத்தோலிக்க ஆலயங்களில் தோமாவின் இந்தக் கதைதான் நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. அந்த நாளுக்கு இப்போது ‘இறை இரக்க ஞாயிறு’ என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு போலந்துப் பெண் இருக்கிறார்.

ஃபாஸ்டினா 1905-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகள்தான். வீட்டு வேலை செய்து பிழைத்தவர், பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கும் அவருக்குக் கிடைத்தது சமையல், தோட்டம், வாசல் காவல். இயேசு தன் இரக்கத்தை உலகத்துக்குச் சொல்லும்படி தன்னிடம் கேட்டதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1934-ல் அவர் சொன்னபடி ஓவியர் ஒருவர் படம் வரைந்தார். இயேசுவின் நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறிய நிறமுமாக இரண்டு கதிர்கள் புறப்படும் அந்தப் படத்தைச் சென்னையில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் பார்க்கலாம். வரைந்து முடித்ததைப் பார்த்து ஃபாஸ்டினா அழுதாராம், தான் கண்ட அழகு அதில் வரவில்லை என்று. 1938-ல், 33 வயதில், காச நோயால் இறந்தார்.

அதன்பிறகு நடந்ததும் சுவாரஸ்யம். 1959-ல் அவர் சொன்ன முறையில் இந்தப் பக்தியைப் பரப்ப வாட்டிகன் தடை விதித்தது. தடை நீங்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் போலந்தின் கிராக்கோவ் பேராயர் திருத்தந்தையானார். அவர்தான் இரண்டாம் ஜான் பால். 1986 பிப்ரவரி 5-ம் தேதி சென்னை வந்து, சாந்தோமில் தோமையாரின் கல்லறையில் ஜெபித்தவர் அவர். 2000-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி ஃபாஸ்டினாவைப் புனிதராக அறிவித்ததோடு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றை இரக்கத்தின் ஞாயிறு என்றும் அறிவித்தார். இந்தப் பக்தியைப் பின்பற்றுகிறவர்கள், இயேசு உயிர்விட்ட நேரம் என்று பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்க ஜெபமாலை சொல்வது வழக்கம். வீட்டு வேலை ஓய்ந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குச் சற்று முந்தைய நேரம் அது.

இரக்கம் என்ற சொல்லை இந்த மரபு சும்மா ஓர் உணர்ச்சியாகச் சொல்வதில்லை. அதற்கு ஒரு பழைய உவமை இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயர், வரி வசூலிப்பவர் கதை. இருவரும் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போகிறார்கள். பரிசேயர் தன் கணக்கை வாசிக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, தான் திருடனில்லை, அதோ நிற்கும் வரிக்காரனைப்போலவும் இல்லை. கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வரி வசூலிப்பவர் தூரத்தில் நின்று, அண்ணாந்துகூடப் பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு, பாவியான தன்மீது இரக்கம் வைக்கும்படி மட்டும் கேட்கிறார். அவர்தான் கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பினார் என்று கதை முடிகிறது. இன்றும் திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை ஒப்புக்கொள்ளும்போது கத்தோலிக்கர்கள் மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். ரெண்டு தெரு தள்ளிப் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும் மயிலாப்பூர்வாசிக்கு இந்தக் கை அசைவைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படாது.

சி.எஸ்.ஐ. ஆலயங்களின் வழிபாட்டு மரபிலும் இதற்கு இணையான ஒரு ஜெபம் உண்டு. நற்கருணைப் பந்திக்கு வருமுன், எங்கள் நல்ல நடத்தையை நம்பி வரவில்லை, உமது இரக்கத்தை நம்பியே வருகிறோம் என்ற கருத்தில் சொல்வார்கள். மேசைக்குக் கீழே விழும் துணுக்குகளைக் கேட்ட கானானியப் பெண்ணின் கதை அதற்குள் இருக்கிறது. மகளுக்காக அவமானத்தையும் பொருட்படுத்தாமல் நின்ற தாய் அவர்.

பூனைக்குட்டியும் முதுகுச் சுமையும்

மயிலாப்பூரில் இந்த விஷயம் ஒரு தமிழ்க் கவிஞரின் வாழ்க்கையையே திருப்பிப்போட்டிருக்கிறது. அவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை.

1827-ல் நெல்லைப் பகுதியில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணமும் ஆழ்வார் பாசுரங்களும் ஊறிய வீடு. சாயர்புரத்தில் மிஷனரிகளின் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். மதம் மாறும் எண்ணத்தோடு போகவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் போனார். பல ஆண்டு மனப் போராட்டத்துக்குப்பின் சென்னைக்கு வந்து, 1858-ல் மயிலாப்பூர் புனித தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயர் முன்னால் சேர்ந்தது. பின்னாளில் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று பெயர் வாங்கியவர்.

வைணவத்தில் சரணாகதி பற்றி ஒரு பழைய விவாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். அதில் குட்டியின் முயற்சியும் வேண்டும். பூனைக்குட்டி அப்படியில்லை. தாய்தான் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி செய்வது ஒன்றுமில்லை, தூக்கப்படுவதற்குச் சம்மதிப்பதைத் தவிர. இறைவனின் கருணை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வடகலையாரும் தென்கலையாரும் சொன்ன உவமைகள் இவை. இப்படி ஒரு மண்ணில் வளர்ந்த ஒருவருக்கு, இரட்சிப்பு என்பது சம்பாதிப்பதல்ல, கொடுக்கப்படுவது என்ற கிறிஸ்தவப் போதனை வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றியிருக்காது. மதம் மாறியபிறகும் அவர் தன் பழைய பக்தி மொழியைத் தூக்கி எறியவில்லை. விருத்தமும் தேவார, பாசுர நடையும் அவர் எழுத்தில் கடைசிவரை இருந்தன.

அவரது பெருநூல் ‘இரட்சணிய யாத்திரிகம்’. 1894-ல் வெளியானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ‘மோட்சப் பயணம்’ கதையின் தழுவல். பனியன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி, அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் கிடந்தவர். கதையின் நாயகன் முதுகில் ஒரு பெரிய சுமையோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அதை இறக்க என்னென்னவோ செய்து பார்க்கிறான். முடியவில்லை. சிலுவை இருக்கும் மேட்டுக்கு வந்ததும் கட்டு தானாக அவிழ்ந்து, சுமை உருண்டு போய்விடுகிறது. அவன் அவிழ்க்கவில்லை. கிருஷ்ணபிள்ளை ஏன் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசிப்பவர்களுக்கு அந்த ஓர் இடம் போதும்.

வேண்டுதலா, பேரமா?

ஆகஸ்ட் 29-ம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் கொடியேறிவிட்டால், செப்டம்பர் 8 வரை எலியட்ஸ் பீச் பக்கம் கூட்டம்தான். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். மெழுகுவத்தி, தொட்டில், மொட்டை என்று நேர்த்திக்கடன்கள். ‘மகளுக்கு வேலை கிடைத்தால் இதைச் செய்கிறேன்’ என்று வேண்டிக்கொள்வது நம் ஊர் பக்தியின் ரத்தத்தில் இருப்பது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு வேறு என்ன மொழி தெரியும்?

சிக்கல் அதற்கடுத்த படியில் வருகிறது. கேட்டது நடக்காதபோது, ‘நான் ஒழுங்காக நோன்பிருக்கவில்லை, அதனால்தான்’ என்று தன்னையே குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நடந்துவிட்டால், ‘என் ஜெபத்தின் பலம்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே கடவுளோடு கணக்கு நோட்டைத் திறப்பதுதான். பரங்கிமலைக் கல் இந்த இடத்தில் விலகி நிற்கிறது. நான் இதைச் செய்தேன், ஆகவே இதைத் தா என்று அந்த மனிதர் எழுதியிருக்கலாம். கல் அவருடையது. எழுதவில்லை.

மயிலாப்பூர் லஸ் பகுதிக்குப் பெயர் தந்த ‘காட்டுக் கோயில்’ கதையும் இதே வகை. கடலில் புயலில் சிக்கித் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்ட, ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைத் தொடர்ந்து கரையேறி நடந்து, அது மறைந்த இடத்தில் கட்டியதே ஒளி மாதா ஆலயம் என்பது வழக்கு. ஆலயத்தில் உள்ள ஆண்டு 1516. ‘லஸ்’ என்றால் போர்ச்சுக்கீசியத்தில் வெளிச்சம். லஸ் கார்னரில் தினம் பஸ் பிடிக்கும் எத்தனையோ பேர், பெரும் ஆபத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் கைவிரித்த மனிதர்களின் நினைவாக வந்த பெயரைத்தான் கண்டக்டரிடம் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள்.

தாழ்மை வேறு, தாழ்த்துவது வேறு

தாழ்மை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு ஆபத்தும் உண்டு. மருமகளிடம் ‘பொறுத்துப் போ’ என்பதற்கும், வேலைக்காரரிடம் ‘வாயை மூடு’ என்பதற்கும், ஒடுக்கப்பட்டவரிடம் ‘உன் இடத்தில் நில்’ என்பதற்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தேவாலயங்களும் இதற்கு வெளியே இல்லை. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்து இடம் பிரித்த வரலாறு உண்டு. எல்லோரும் கடவுளின் இரக்கத்தால்தான் நிற்கிறோம் என்று ஞாயிறு காலையில் சொல்லிவிட்டு, புதைக்கும்போது வரிசை பார்ப்பதை என்னவென்பது?

2003 நவம்பரில், சென்னை-மயிலை உள்ளிட்ட தமிழக மறைமாவட்டங்களின் ஆயர்கள் ரோம் சென்றபோது, அதே இரண்டாம் ஜான் பால் இதை நேராகவே சொன்னார். கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்றார். அந்தப் பேச்சு அப்போது பத்திரிகைகளில் பரவலாக வந்தது. நடைமுறை எவ்வளவு மாறியது என்று தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

லூக்கா நற்செய்தியில் மரியாள் தன் தாழ்ந்த நிலையைக் கடவுள் கண்ணோக்கினார் என்று மகிழ்கிறார். அதே மூச்சில், வலியவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் பசித்தவர்கள் நிரப்பப்படுவதையும் சொல்கிறார். பெசன்ட் நகரிலும் லஸ்ஸிலும் மெழுகுவத்தி ஏற்றும்போது நாம் பார்க்கும் அமைதியான முகத்துக்குச் சொந்தக்காரர்தான் இதையும் சொன்னவர். இரக்கத்தை நம்பி நிற்பவர் யார் காலிலும் விழவேண்டியதில்லை என்று பொருள் கொள்ள அதில் இடமிருக்கிறது.

அதே வரி, வேறு ஊர்களில்

பரங்கிமலைச் சிலுவையைப் போன்ற கற்சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிற என்று பல ஊர்களில் இருக்கின்றன. எழுத்து இல்லாத ஒன்று இலங்கையின் அநுராதபுரத்தில் 1912-ல் தோண்டி எடுக்கப்பட்டது. கேரளத்துச் சிலுவைகளில் பலவற்றில் இதே பஹ்லவி வரிதான் வருகிறது. அப்படியானால் எங்கோ ஒருவர் தனக்காகக் கேட்ட இரக்கத்தை வேறு ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பஹ்லவி தெரிந்து வெட்டினார்களா, எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து வெட்டினார்களா, யாருக்குத் தெரியும்? கோட்டயம் வலிய பள்ளியில் உள்ள சிலுவை ஒன்றில் கூடுதலாகச் சிரியாக் மொழியில் ஒரு வாசகம் இருக்கிறது. அது புனித பவுலின் கடிதத்திலிருந்து எடுத்தது. சிலுவையைத் தவிர வேறெதைப் பற்றியும் தான் பெருமை பேசக்கூடாது என்ற கருத்துள்ள இடம்.

பரங்கிமலையில் ஜூலை 3-ம் தேதி தோமையார் விழாவுக்கும், டிசம்பர் 18-ம் தேதி மாதா விழாவுக்கும் கூட்டம் வரும். மற்ற நாள்களில் சத்தம் குறைவு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் மட்டும் தலைக்குப் பக்கத்தில் தாழப் பறக்கும். படியேற முடியாதவர்கள் வாகனத்திலேயே உச்சிவரை போகலாம். உள்ளே ஆலயம் சின்னதுதான், முன் வரிசையில் முழந்தாளிட்டால் சிலுவை தெளிவாகத் தெரியும். எழுத்தைத் தேடினால் வளைவின் விளிம்பில், கொடி ஓடியதுபோல இருக்கும். அலங்கார வேலைப்பாடு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.